வயதுக்கு வந்த படங்கள்

2025 செப்டம்பரில் ‘பேட் கேர்ள்’ திரைக்கு வந்தபோது என் மகளுக்கு 15 வயது. பள்ளிவிட்டு வந்து பையை இறக்கி வைத்தவள், அடுப்படி வாசலில் நின்று, “அம்மா, நாம ரெண்டு பேரும் போலாமா?” என்று கேட்டாள். தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது உனக்குத் தகுந்த படம் இல்லம்மா” என்றேன்.

“நீ பாத்துட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

நான் பேசவில்லை. அவள் விடவில்லை. “போன மாசம் கூலிக்கு மட்டும் அப்பா டிக்கெட் போட்டாரு. அது ஏ படம். அதுல எத்தனை பேரைக் கொல்றாங்க? இது யுஏ 16. எனக்கு ஒரு வயசுதான் குறையுது. இதுல யாரையும் கொல்லக்கூட இல்ல.”

கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது. ஆகஸ்ட் 14 அன்று வெளியான ‘கூலி’க்குத் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் கொடுத்திருந்தது. அதை எதிர்த்துத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மனு தள்ளுபடியானது. என் கணவருக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாமல் வேறு எதற்கு அழைத்துப் போவது என்பது அவருடைய நியாயம். அரங்கு வாசலில் மகளை உள்ளே விட மறுத்தபோது, ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று கேட்டவரைப் போலக் கோபத்தோடு திரும்பி வந்தார். அந்தக் கோபத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது. ஆனால் ‘பேட் கேர்ள்’ பற்றி எங்கள் இருவருக்குள் பேச்சே எழவில்லை. பார்க்காமலே முடிவு தெரிந்திருந்தது. கவிதை எழுதுகிற, பெண்ணியம் பேசுகிற, மாணவிகளுக்கு அகத்திணை நடத்துகிற ஒருத்தியின் வீட்டில் கொலைக்கு இருந்த இடம் ஒரு பெண்ணின் காதலுக்கு இல்லாமல் போனது எப்படி? அன்று இரவு முழுக்க இதுதான் என்னைக் குடைந்தது.

‘தகுந்தது’ என்ற சொல்லை நாம் மிக எளிதாகச் சொல்கிறோம். யாருக்குத் தகுந்தது, எதற்குத் தகுந்தது என்று கேட்டால் திணறுகிறோம். சட்டம் தன் அளவில் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் முதலில் ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டை வைத்தது. 1983இல் நடுவில் ‘யுஏ’ வந்தது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த ‘யுஏ’வும் 7, 13, 16 என்று மூன்று வயதுகளாகப் பிரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஏ’ என்பது தடை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை அரங்கம் உள்ளே விடக்கூடாது. ‘யுஏ’ தடை அல்ல. பெற்றோர் யோசித்து முடிவு செய்யட்டும் என்கிற அறிவுரை மட்டுமே. யோசிக்கிற வேலையை அரசு வீட்டிடம் கொடுத்துவிட்டது. வீடு அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பேச்சுவழக்கில் ‘வயதுக்கு வருவது’ பெண் மட்டும்தான். பையன் வளர்கிறான், பெண் வயதுக்கு வருகிறாள். ஆகவே ஒரு படம் வளரிளம் பருவத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி நம் வீடுகளில் எழும்போது, அது பெரும்பாலும் பெண்பிள்ளையைப் பற்றிய கேள்வியாகவே எழுகிறது. என் அண்ணன் மகனுக்கு 16 வயது. அவன் என்ன படம் பார்க்கிறான் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

தணிக்கை எதை அளக்கிறது? முத்தத்தை, ரத்தத்தை, புகையை, வசவை. இவை எண்ணக்கூடியவை. எத்தனை நொடி, எத்தனை முறை என்று எழுதி வெட்டச் சொல்லலாம். ஒரு கதை கடைசியில் சொல்கிற தீர்ப்பை அப்படி எண்ண முடியாது. என் தலைமுறைப் பெண்களைக் காயப்படுத்தியவற்றில் பல, எண்ணிக்கையில் அகப்படாத அந்தத் தீர்ப்புகள்தாம்.

1994 தீபாவளிக்கு ‘நாட்டாமை’ வந்தது. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கொட்டகைக்குக் குடும்பத்தோடு, சித்தி பெரியம்மா பிள்ளைகளோடு ஒரு வண்டி நிறையப் போனோம். அதில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணை, அதைச் செய்தவனே மணக்க வேண்டும் என்று நாட்டாமை தீர்ப்புச் சொல்கிறார். கொட்டகை கைதட்டியது. என் அம்மா தட்டினார். நானும் தட்டினேன். குற்றவாளி தன் சொந்தக்காரன் என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்ன பெருந்தன்மைக்காகத் தட்டினோம். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற எண்ணம் எனக்கு முனைவர் பட்டம் முடிக்கும்வரை வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். அது ‘குடும்பப் படம்’. இன்றைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை நடுவீட்டில் ஓடுகிறது.

சினிமாவில்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே ஓர் உத்தரவு வந்தது. சிறுமியாக இருந்தபோது வன்புணர்வுக்கு ஆளான ஒரு பெண்ணோடு சமரசம் பேச வசதியாக, தண்டனை பெற்றவனுக்குப் பிணை. கடும் எதிர்ப்பு எழுந்து, அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த உத்தரவுக்கு ‘நாட்டாமை’தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே கிணற்றில் ஊறிய தண்ணீர். அந்தக் கிணற்றுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த பிறகு அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். காதல் காட்சி நெருங்கும்போது எழுந்து, கறி கருகுகிறதா பார் என்று என்னை அனுப்புவார். அல்லது சேனலை மாற்றுவார். நாயகன் நாயகியை அறையும்போது மாற்றியதில்லை. 1992இல் வந்த ‘மன்னன்’ படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். தொழிற்சாலை நடத்துகிற பெண்ணின் திமிரை அடக்கி, கடைசியில் அவளை வீட்டோடு இருத்திவிட்டுப் படம் முடியும். ஒரு தடவைகூட எனக்கு அடுப்படியில் வேலை வைக்கப்படவில்லை.

அம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எனக்கு அறியாமல் கற்றுக்கொடுத்த ஒன்றைச் சொல்வதற்காக எழுதுகிறேன். எந்த இடத்தில் எழுந்து போக வேண்டும் என்று கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்பே எழுந்து போவேன். தெரியும், ஆனால் தெரியாத முகத்தோடு போவேன். தொல்காப்பியம் பெண்ணுக்கு வைக்கிற அச்சம், நாணம், மடம் என்ற மூன்றில், மடம் என்பதற்கு அறிந்தும் அறியாதவள் போல இருத்தல் என்று பொருள் சொல்வதுண்டு. நான் அதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தொலைக்காட்சி முன்னால் பயின்றுவிட்டேன். ‘தகாத’ காட்சி எதையும் நான் பார்க்காமல் விட்டதில்லை. தோழி வீட்டில் பார்த்தேன், திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். தடுக்கப்பட்டது காட்சி அன்று. அதைப் பற்றிய பேச்சு. மகளிடம் “தகுந்த படம் இல்லை” என்று நான் சொன்னபோது, கறி கருகுகிறதா பார் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

* * *

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பில் மடலேறுதல் நடத்திக்கொண்டிருந்தேன். காதல் கைகூடாத தலைவன், பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தலைவியின் உருவம் எழுதிய படத்தோடு ஊர்த்தெருவில் ஏறி வருவேன் என்று தோழியிடம் சொல்கிற துறை. வழக்கமாக மாணவர்கள் சிரிக்கிற இடம் இது. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என் மேசை அருகே வந்து நின்றாள். தமிழ்த்துறையில் எங்களை அம்மா, ஐயா என்றுதான் அழைப்பார்கள்.

“அம்மா, அவன் மடல் ஏறுவேன்னு சொல்லியும் அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா என்ன பண்ணுவான்?”

இருபது ஆண்டு படித்தும் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. இலக்கணம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொன்னேன். மடல் ஏறுவேன் என்று சொல்லளவில் நிற்பதை ஐந்திணைக்குள் அனுமதிக்கிற தொல்காப்பியம், உண்மையிலேயே ஏறிவிட்டால் அதைப் பெருந்திணை என்று வெளியே தள்ளுகிறது. அது பொருந்தாக் காமம். அதுபோலவே, காமத்துக்கு அமையாத இளம் வயதுப் பெண்ணிடம், அவளிடமிருந்து ஒரு பதிலும் பெறாமல், ஒருவன் தானாகப் பேசிப் பேசி இன்புறுவதைக் கைக்கிளை என்று தனியே வைக்கிறது. இதுவும் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் சினிமா என் கண்முன் ஓடியது. பள்ளிச் சீருடைப் பெண்ணின் பின்னால் போகிற நாயகன். பதில் பேசாத பெண்ணைச் சுற்றி ஊரே ஆடுகிற பாட்டு. வேண்டாம் என்றவளின் வாசலில் நண்பர்களோடு வந்து நிற்கிற இரவு. கைக்கிளையையும் பெருந்திணையையும் எடுத்து ஐந்திணை என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கணம், ஆண்கள் எழுதிய இலக்கணம், பார்க்கத் தெரிந்த வேறுபாட்டைப் பாதி நூற்றாண்டுக் காதல் படங்கள் அழித்துவிட்டன.

அந்தப் பெண் நகரவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். ஆறு மாதமாக ஒருவன் அவள் ஏறுகிற நிறுத்தத்தில் நிற்கிறான். அதே பேருந்தில் வருகிறான். இரண்டு தடவை மறுத்துவிட்டாள். “ஒரு நாள் நீயே வருவ” என்றானாம். அவனுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

“வீட்ல சொன்னியாம்மா?”

“சொன்னா படிப்பை நிறுத்திருவாங்கம்மா.”

அகப்பொருளில் இதற்கும் ஒரு பெயர் உண்டு: இற்செறிப்பு. மகளிடம் ஏதோ மாற்றம் தெரிந்ததும் தாய் அவளை வீட்டுக்குள் அடைத்துவிடுவது. மாணவிகள் அதை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறார்கள். இவள் அதற்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். தவறு செய்பவன் தெருவில் இருப்பான், அடைக்கப்படுபவள் இவளாக இருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதனால் பேசவில்லை. அவள் பேசாததை அவன் சம்மதத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போதுதான் முதல்முறையாக, பின்தொடர்வதைக் காதலாகக் காட்டும் படங்களைப் பற்றித் தமிழ்நாடு கொஞ்சம் உரக்கப் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் ‘ரெமோ’ வந்தது. வேறொருவரோடு நிச்சயமான பெண்ணை, செவிலி வேடம் போட்டு ஏமாற்றி, மனத்தை மாற்றி வெல்கிற கதை. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டாள். அவளும் மறுத்தவள்தான்.

படம் பார்த்துத்தான் கொன்றான் என்று சொல்வது எளிது. அது சோம்பேறித்தனமான வாதம். லட்சம் பேர் பார்த்தார்கள், ஒருவன் கொன்றான். ஆனால் அந்த லட்சம் பேருக்கும், பார்த்துக்கொண்டிருந்த பேருந்துக்கும், நடத்துநருக்கும், பயணிகளுக்கும் அந்தப் படங்கள் ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஒருவன் ஆறு மாதம் ஒரு பெண்ணின் பின்னால் வந்தால் அது ஒரு காதல் கதையின் முதல் பாதி என்று. அதனால் யாரும் குறுக்கே வருவதில்லை. பாதிப் படத்தில் எழுந்து யார் கத்துவார்கள்?

* * *

இங்கே எனக்கு ஓர் ஆசை எழுகிறது. இந்தப் படங்களுக்கெல்லாம் ‘ஏ’ கொடு, பெண்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடு என்று கேட்கிற ஆசை. அந்த ஆசையை நான் நம்பவில்லை. கத்தரிக்கோல் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். ‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் 2025 ஜனவரியில் வந்ததும், ஒரு சமூகத்தின் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது. ஒரு பெண் இயக்குநர், வர்ஷா பரத், ஒரு பெண்ணின் பள்ளிப்பருவ ஆசையைக் காட்டினால் இவ்வளவு நடக்கிறது. எத்தனையோ ஆண் இயக்குநர்கள் பள்ளி மாணவியைக் கனவுப் பாட்டில் ஆடவிட்டபோது எந்தச் சமூகமும் இழிவுபட்டதாகச் சொன்னதில்லை.

காரணம் வெளிப்படையானது. நாம் காவல் காப்பது பிள்ளையின் மனத்தை அன்று. ஆசைப்படுகிற பெண் அடுத்து யாரை ஆசைப்படுவாள் என்கிற பயம் இது. சாதியின் பயம். அந்த ஜூலை மாதக் கடைசியில்தான் திருநெல்வேலியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மென்பொறியாளர், காதலித்த பெண்ணின் தம்பியால் வெட்டிக் கொல்லப்பட்டார். ‘தகுந்தது’ என்ற சொல் சினிமாவிலிருந்து கல்யாணத்துக்கு நகர்ந்தால் எத்தனை சீக்கிரம் அரிவாளாகிறது!

2024இல் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கத்தில் ‘கொட்டுக்காளி’ வந்தது. அதில் மீனா என்ற பெண் வேறு சாதிக்காரனைக் காதலிக்கிறாள். குடும்பம் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, ஆட்டோவில் ஏற்றிக் குறி சொல்பவரிடம் அழைத்துப் போகிறது. படம் முழுவதும் மீனா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வெறியாட்டு நினைவுக்கு வந்தது. காதலால் மெலிந்த மகளுக்கு முருகன் அணங்கிவிட்டான் என்று எண்ணி, வேலனை அழைத்து ஆடவைக்கிற சங்கத் தாய்மார்கள். ஆனால் சங்கப் பாட்டில் அந்த இடத்தில் இன்னொருத்தி இருப்பாள்: தோழி. இது நோயன்று, இவள் ஒருவனை விரும்புகிறாள் என்று அவள் செவிலியிடம் சொல்லிவிடுவாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் உணர்த்துவாள். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடி, முழுவதுமே இந்த ஒரு பேச்சுதான். மீனா உட்கார்ந்திருந்த ஆட்டோவில் எல்லோரும் இருந்தார்கள். அறத்தொடு நிற்க ஒரு தோழி இல்லை.

சங்ககாலத்தைப் பொற்காலமாக்குவது என் எண்ணம் இல்லை. அந்த அறம் கற்பைக் காக்கிற அறம் என்பதையும், அந்தப் பேச்சின் முடிவு கல்யாணம்தான் என்பதையும் மறைத்துப் பயனில்லை. நான் எடுத்துக்கொள்வது அது போய்ச் சேர்ந்த இடத்தை அன்று; அது போன வழியை. ஒரு பெண்ணின் மனத்தில் இருப்பது, பெண்கள் கை மாற்றிக் கை மாற்றி, வீட்டின் நடுவுக்கு வந்து சேர ஒரு வழி இருந்தது. சொன்னால் அடைபடுவோம் என்கிற அச்சம் இருந்த அதே உலகத்தில், சொல்வதற்குப் பெயர் ‘அறம்’ என்று வைத்திருந்தார்கள்.

பேருந்துப் பெண்ணின் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. அவளுடைய அம்மாவிடம் நேரே பேசினால் என்ன ஆகும் என்று பயந்தோம். அவளுக்கு ஓர் அத்தை இருந்தார், அங்கன்வாடியில் வேலை. முதலில் அத்தைக்குச் சொன்னோம். அத்தை அம்மாவுக்குச் சொன்னார், “படிப்பை நிறுத்துற பேச்சு வரக்கூடாது” என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டு. அதன்பிறகுதான் அப்பாவுக்கும் காவல் நிலையத்துக்கும் போனது. அவன் நின்றுவிட்டான். அவள் பட்டம் வாங்கிவிட்டாள். எல்லாக் கதையும் இப்படி முடியாது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

ஆக, ஒரு படம் பதின்வயதுப் பெண்ணுக்குத் தகுந்ததா என்ற கேள்வியை நான் இப்போது வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி அவள் என்னிடம் எதைக் கேட்டாலும் தண்டனை இல்லாமல் கேட்க முடியுமா? முடியும் என்றால் பல படங்கள் தகுந்தவை. முடியாது என்றால் ‘யு’ படமும் ஆபத்துதான். ஏனென்றால் படத்தைப் பற்றிப் பேச முடியாத வீட்டில், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவனைப் பற்றியும் பேச முடியாது. இரண்டுக்கும் ஒரே கதவு.

இதற்கு மூன்று மறுப்புகளை நானே சொல்லிக்கொள்கிறேன். முதலாவது, பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. கழுத்தறுபடுவதை நெருக்கத்தில் காட்டுகிற காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்காத பிள்ளையை நான் அறிவேன். பார்க்காமல் இருப்பதற்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ‘கூலி’ வாசலில் அந்த ஊழியர் சரியாகத்தான் நடந்துகொண்டார். அன்று நாங்கள்தான் தவறு.

இரண்டாவது, காலை ஏழு மணிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிற அம்மா எப்போது பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாள், எப்போது பேசுவாள்? நியாயமான கேள்வி. பெற்றோர் வழிகாட்டுதல் என்று சட்டம் சொல்வதை அம்மாவின் இன்னொரு வேலையாக்கிவிட்டு, பிள்ளை ஏதாவது செய்தால் அம்மாவின் வளர்ப்பைக் குறை சொல்வது நம் வழக்கம். அதனால்தான் அத்தை வேண்டும், அக்கா வேண்டும், பள்ளியில் ஓர் ஆசிரியை வேண்டும் என்கிறேன். செவிலியும் தோழியும் இல்லாமல் நற்றாயால் மட்டும் முடியாது என்பது அகப்பொருள் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பையன்கள்? பின்னால் வருகிறவன் அவன்தானே? என் அண்ணன் மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘மின்னலே’ பார்த்தேன். 2001 படம், வேறொருவனாக நடித்துப் பெண்ணைக் காதலிக்கவைப்பவன் கதை. “அவ லவ் பண்ணது யாரைடா? இவனையா, இவன் சொன்ன பேரையா?” என்று கேட்டேன். “அத்தை, ஒரு பாட்டைக்கூட நிம்மதியா கேக்க விடமாட்டீங்களா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அவளுக்குத் தெரிஞ்சப்ப ரொம்பக் கேவலமா இருந்திருக்கும்ல” என்றான். அவனிடம் இப்படி யாரும் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவனுக்கு எல்லாம் தகுந்தது என்று விட்டதில், அவனையும் தனியாகத்தான் விட்டிருக்கிறோம்.

* * *

இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை காலைக் காட்சிக்கு மகளோடு ‘பேட் கேர்ள்’ போனேன். அரங்கில் பாதி இருக்கை காலி. ரம்யா என்ற பெண்ணின் பள்ளிப்பருவம், கல்லூரி, முப்பதுகள் என்று போகிற கதை. காதலிக்கிறாள், தப்பாகிறது, மறுபடி காதலிக்கிறாள், மறுபடி தப்பாகிறது. எனக்குப் படத்தோடு சண்டையும் உண்டு. இத்தனை தவறு செய்துவிட்டு உயிரோடு முப்பது வயதைத் தொட எந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. என் மாணவிகளில் பலருக்கு ஒரு தவறுக்குக்கூட இடம் கிடையாது. ஆனாலும் தவறு செய்த பெண் சாகாமல், திருந்தாமல், யாருக்கும் பாடமாக ஆகாமல் வெறுமனே வாழ்கிற தமிழ்ப் படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதில் வரும் அம்மா, சாந்திப்பிரியா நடித்தது, மகளைக் கட்டுப்படுத்துகிற ஆசிரியை. அந்தக் காட்சிகளில் நான் இருக்கையில் நெளிந்தேன். முத்தக் காட்சியில் எழுந்து போகவில்லை. கறி எதுவும் கருகவில்லை.

மகள் வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, “பரவால்ல, ரெண்டாவது பாதி கொஞ்சம் லென்த்” என்றாள். பெரிய உரையாடல் ஒன்று நடக்கும் என்று தயாராகப் போயிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பேச்சு நாம் குறித்த நேரத்துக்கு வருவதில்லை.

மூன்று நாள் கழித்து, இரவு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பாவாடையை மடிப்பதில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அம்மா, நீ டென்த் படிக்கும்போது உனக்கு யாரையாச்சும் பிடிச்சிருந்துச்சா?”

பிடித்திருந்தது. அவர் பெயர், அவர் வந்த சைக்கிளின் நிறம், அந்த ஒரு கடிதம், அதைப் பாட்டி அடுப்பில் போட்டது, அதன்பிறகு ஓராண்டு பள்ளிக்குத் தாத்தா துணையோடு போய் வந்தது, எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. முப்பது ஆண்டுகளாக எந்தக் கவிதையிலும் எழுதாதவை. என் கை அவள் சீருடைத் துப்பட்டாவை இரண்டாவது தடவை மடித்துக்கொண்டிருந்தது. அறிந்தும் அறியாத முகம் தானாக வரப் பார்த்தது. அது எவ்வளவு பழகிய முகம்!

“இருந்துச்சு” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கேள்வி அவள் கண்ணில் தெரிந்தது. மீதிக் கதையைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிவு இல்லை. “இன்னொரு நாள் சொல்றேன்” என்றேன். “சத்தியமா?” என்றாள். சத்தியம் செய்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கதைக்குத் தகுந்த வயது வந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வர வேண்டும்.